ஷாத்தோ மார்கோவும் சப்ரகமுவத் தேயிலையும்

1868ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் கார்ல் மார்க்சின் மகள் ஜென்னி தம் தந்தையின் தோழர் பிரெடெரிக் ஏங்கெல்சிடம் ஒரு கேள்விக் கொத்தைக் கொடுத்தார். அக்காலத்துக் குடும்பங்களில் பொழுதுபோக்காக வழங்கிய விளையாட்டு அது. மகிழ்ச்சி என்பது யாது என்ற கேள்விக்கு ஏங்கெல்ஸ் எழுதிய விடையில் தத்துவமும் இல்லை, முழக்கமும் இல்லை. ஒரு மதுவின் பெயரையும் ஓர் ஆண்டையும் மட்டும் அவர் குறித்தார்: ஷாத்தோ மார்கோ, 1848.

ஐரோப்பா முழுவதும் புரட்சித் தீ மூண்ட ஆண்டு 1848. நம் நாட்டின் மாத்தளைக் கிளர்ச்சியும் அவ்வாண்டிலேயே நிகழ்ந்தது. ஏங்கெல்ஸ் எண்ணியது திராட்சை விளைச்சலையா, மக்கள் எழுச்சியையா என்று கேட்டுச் சிரித்துக்கொள்ள இடமுண்டு. நாம் இங்கு அவ்விடையை எடுத்துக்காட்டுவதற்கு வேறொரு காரணம் இருக்கின்றது. ஒரு குடிபொருளின் பெயரோடு ஓர் ஆண்டின் பெயரையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் பிரெஞ்சு மதுவுக்கு உண்டு. நம் தேயிலைக்கு இல்லை. இவ்வேறுபாடு அற்பமானதன்று என்பதே இக்கட்டுரையில் நாம் சொல்ல முற்படுவது.

பிரெஞ்சு மதுத் தோட்டங்களைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். அவற்றுட் சிலவற்றை அண்மையில் தொடர்ந்து வாசித்தோம். ஆசிரியத் தொழிலில் உள்ளவனுக்கு மார்கோ மதுவைச் சுவைக்கும் வாய்ப்பு இல்லை. ஆகவே மதுவை விமர்சிக்கும் தகுதி எமக்கில்லை. மதுவைப் பற்றிய எழுத்தை விமர்சிக்கலாம் அல்லவா?

போர்தோ நகருக்கு வடக்கே, ஜிரோந்து கழிமுகத்தின் இடக்கரையில், மெடொக் என்னும் பகுதியில் உள்ளது மார்கோத் தோட்டம். வேறு பயிருக்கு உதவாத பரற்கல் நிலம். நீர் தேங்காது வடிந்துவிடுவதால் கொடியின் வேர் ஆழத் தேடிச் செல்கின்றது. காய் சிறுத்து, தோல் தடித்து, சாறு செறிகின்றது. கபர்னே சோவிஞ்ஞோன் என்னும் கறுந்திராட்சையே அங்கு தலைமைப் பயிர். செப்டெம்பர், ஒக்தோபர் மாதங்களிற் கையாற் பறித்த பழத்தைக் காம்பு நீக்கி, தோலோடு தொட்டியில் இடுகின்றனர். சாறு நுரைத்துப் புளித்து மதுவாகும் அந்த வாரங்களில் நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்தே இறங்குகின்றன. பின்னர் 225 லீற்றர் கொள்ளும் ஓக் மரப் பீப்பாய்களில் ஒன்றரை ஆண்டுக்கு மேல் உறங்கவிட்டு, முட்டை வெண்கருவை இட்டுத் தெளிவித்துப் புட்டியில் அடைக்கின்றனர். நல்ல ஆண்டின் மது பல பத்தாண்டுகள் கழித்தும் முதிர்ந்துகொண்டே இருக்குமாம்.

இவற்றையெல்லாம் அந்நூல்கள் எத்துணை நுணுக்கமாக எழுதுகின்றன! எந்த ஆண்டில் எந்த வாரத்தில் மழை பெய்தது, எந்தத் துண்டு நிலத்தில் எந்தக் கொடி நின்றது என்பவற்றையெல்லாம் சொல்கின்றன. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லோன் என்னும் காரியஸ்தர் ஒருவர், பனி உலராத காலையிற் பழம் பறிக்கலாகாது என்றும் வெள்ளைத் திராட்சையைக் கறுப்போடு கலக்கலாகாது என்றும் விதித்தமையால் மார்கோவின் மது தனிப் புகழ் பெற்றது என்கின்றன. காரியஸ்தரின் பெயர் முந்நூறு ஆண்டுகள் தாண்டி நிலைத்திருக்கின்றது. பனி உலரும் வரை காத்து நின்று பறித்தவர்களுள் ஒருவரின் பெயர்கூட இல்லை.

உடைமையாளர் வரிசை தவறாமல் எழுதப்பட்டிருக்கின்றது. பிரெஞ்சுப் புரட்சியில் தோட்டம் பறிமுதலாயிற்று. 1802இல் ஒரு பிரபு வாங்கி, வெண்தூண்கள் நிமிர்ந்த மாளிகையை எழுப்பினார். புட்டியின் ஒட்டுத்தாளில் இன்றும் காண்பது அம்மாளிகையையே. 1836இல் அக்குவாதோ என்னும் ஸ்பானிய வங்கியாளர் வாங்கினார். ஆக, ஏங்கெல்ஸ் மகிழ்ச்சி என்று குறித்த 1848இன் மது ஒரு வங்கியாளர் குடும்பத்தின் நிலத்தில் விளைந்தது. 1977இல் பலசரக்குக் கடைகளாற் பெருஞ்செல்வம் ஈட்டிய மென்ட்செலோபுலோஸ் குடும்பத்தின் கைக்கு அது மாறிற்று. 'ஷாத்தோ' என்ற சொல்லுக்குக் கோட்டை என்றும் மாளிகை என்றும் பொருள். நம் தோட்டப்புறத்து வழக்கில் மொழிபெயர்ப்பதாயின் 'பெரிய பங்களா' என்பது பொருந்தும். பங்களாவின் பெயரே மதுவின் பெயராக வழங்குகின்றது.

தரத்தை யார் விதித்தார்? 1855ஆம் ஆண்டுப் பாரிஸ் பொருட்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியனின் ஆட்சி ஒரு பட்டியல் கேட்டது. போர்தோவின் தரகர்கள் கூடி, நெடுங்காலமாக எந்தத் தோட்டத்து மது என்ன விலைக்குப் போயிற்று என்பதைக் கொண்டு செம்மதுத் தோட்டங்களை ஐந்து வகுப்பாகப் பிரித்தனர். லஃபீத், லத்தூர், மார்கோ, ஓ-பிரியோன் ஆகிய நான்கும் முதல் வகுப்புப் பெற்றன. அதன் பின் முதல் வகுப்புக்கு உயர்த்தப்பட்டது மூத்தோன் ஒன்றே, அதுவும் 1973இல். சந்தை விலை ஒருநாள் பட்டியலாயிற்று. பட்டியல் பின்னர் விலையைக் காத்தது. சுவைஞர்கள் இதனை இயற்கையின் தீர்ப்பு என்பர்.

திராட்சையைப் பற்றி வேறு விதமாகவும் எழுதலாம் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1843 ஜனவரியில் 'ரைன் செய்தித்தாள்' என்னும் ஏட்டில், மோசல் ஆற்றங்கரையில் திராட்சை பயிரிட்ட சிறு விவசாயிகளின் இடர்களை இளைஞரான மார்க்ஸ் எழுதினார். அவ்வாண்டிலேயே அரசு அவ்வேட்டை மூடிற்று. பொருளியற் கேள்விகளின் பக்கம் தம்மைத் திருப்பியவற்றுள் அவ்விவகாரமும் ஒன்று என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கின்றார். மதுவைப் பற்றிய எழுத்து அரசியற் பொருளாதாரத்தின் வாயிலாகவும் அமையக்கூடும் என்பது இதனாற் புலப்படும்.

இனி நம் மண்ணுக்கு வருவோம்.

பிரான்சின் கொடிகளை வேர்ப்பேன் அழித்த அதே காலத்தில்தான் இலங்கையின் கோப்பியை இலைத்துரு அழித்தது. வேர்ப்பேனை அறிஞர் கண்டு அறிவித்தது 1868இல். இங்கே கோப்பி நோய் வெளிப்பட்டது 1869இல். பிரெஞ்சுக்காரர் அமெரிக்க வேரில் தங்கள் கொடியை ஒட்டித் தோட்டத்தின் பெயரைக் காத்தனர். இங்கு வெள்ளைத் துரைமார் பயிரையே மாற்றினர். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் நட்ட தேயிலை நாடெங்கும் பரந்தது. 1883 ஜூலையில் கொழும்பில் முதல் தேயிலை ஏலம் நடந்தது. மாறிய பயிர் மனிதரையும் மாற்றிற்று. பருவத்துக்கு வந்து கோப்பிப் பழம் பறித்துத் திரும்பிப் போன தென்னிந்தியத் தொழிலாளர், ஆண்டு முழுவதும் துளிர்க்கும் தேயிலையால் லயத்துக்கு நிரந்தரக் குடிகளாயினர்.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்கள் சேர்ந்த சப்ரகமுவ இவ்வரலாற்றில் ஓரமாகவே பேசப்படும். மலையகம் என்றதும் ஹற்றனும் நுவரெலியாவும் நினைவுக்கு வருகின்றனவேயன்றி இறக்குவானையும் காவத்தையும் தெரணியகலையும் எட்டியாந்தோட்டையும் வருவதில்லை. இங்கே இறப்பரும் தேயிலையும் மாணிக்கக் குழியும் சிங்களக் கிராமமும் தமிழ் லயமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. 1934-35இன் மலேரியாக் கொடுமையில் இடதுசாரி இளைஞர் நிவாரணப் பணிக்கு இறங்கியது கேகாலைப் பகுதியிலேதான், 1936இல் என். எம். பெரேரா சட்டசபைக்குச் சென்றது றுவான்வெல்லைத் தொகுதியிலிருந்து. இப்பெருமைகளை நம் இடதுசாரி அன்பர்கள் அடிக்கடி நினைவுகூர்வர். லயத்து மனிதர்கள் அக்கதையில் எங்கே நின்றனர் என்பது அவ்வளவு அடிக்கடி கேட்கப்படுவதில்லை.

கடல் மட்டத்திலிருந்து 600 மீற்றர் வரை விளைவதைத் தாழ்நிலத் தேயிலை என்பது வணிக வழக்கு. சப்ரகமுவத் தேயிலையிற் பெரும்பகுதி அவ்வினத்தது. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் மேல் மழை, அதோடு வெக்கை. இலை விரைந்து வளர்கின்றது, பெரிதாக வளர்கின்றது. உயர்மலைத் தேயிலையின் மதிப்பு நீரின் மணத்தில் என்றால், தாழ்நிலத் தேயிலையின் மதிப்பு முறுகிக் கறுத்த இலையின் தோற்றத்திலும் தடித்த நிறத்திலும் உள்ளது. அரபு நாட்டாரும் ஈரான், ஈராக், துருக்கி, ரஷ்ய நாட்டாரும் இதனையே விரும்புவர். ஒரு காலத்தில் இரண்டாந்தரமென்று இலண்டன் தரகர்கள் ஒதுக்கிய தாழ்நிலத் தேயிலை, இன்று நாட்டின் விளைச்சலில் அரைப்பங்குக்கு மேலானது. இரத்தினபுரி மாவட்டத்து நியூ விதானகந்த ஆலையின் முனைக்கொழுந்துத் தேயிலை கொழும்பு ஏலத்தில் உச்சவிலை பெறுவதாற் பெயர் பெற்றது. போர்தோவில் மாளிகையின் பெயர். இங்கே ஆலையின் 'மார்க்'. அங்கும் இங்கும் வகுப்புப் பிரிப்பவர் தரகரே.

அத்தேயிலை எவ்வாறு உண்டாகின்றது? மதுவுக்கு ஒரு பத்தி எழுதினோம். தேயிலைக்கு அதைவிடச் சற்று அதிகம் எழுதுவது முறை.

முதல் வினை விரலுக்கு உரியது. இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்பது பாடப்புத்தகம் சொல்வது. செடியின் முன் நிற்பவள் ஒரு நொடிக்குள் பலவற்றைத் தீர்மானிக்கின்றாள்: எது கொழுந்து, எது முற்றல், எது வளர்ச்சி நின்ற குருட்டு மொட்டு, எதை அடுத்த சுற்றுக்கு விடவேண்டும், எங்கே கிள்ளினாற் செடியின் மட்டம் கெடாது. தாழ்நிலத்தில் ஒரு கிழமைக்குள் அதே செடிக்குத் திரும்பி வந்தாக வேண்டும். பிந்தினால் இலை முற்றிவிடும். பறித்த கொழுந்தைக் கைக்குள் அதிக நேரம் அடக்கி வைத்தாலும் கூடையில் அமுக்கித் திணித்தாலும் அது கசங்கிச் சூடேறி அங்கேயே சிவக்கத் தொடங்கும். ஆலைக்குள் எந்த வல்லவர் இருந்தாலும் சிவந்துபோன இலையை மீட்க முடியாது. மார்கோவின் பெர்லோன் விதித்த பனி விதிக்கு இது எள்ளளவும் குறைந்ததன்று. நம் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்த விதி இது. அதற்கு ஆசிரியர் பெயர் இல்லை.

பின்னர் 'ஸ்டோர்' என்று நம்மவர் சொல்லும் ஆலை. கொழுந்தை நீண்ட தொட்டிகளிற் பரப்பி, அடியிலிருந்து காற்றை ஊதி இரவு முழுவதும் வாட்டுகின்றனர். நூறு கிலோ கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் நீர். அதிற் கணிசமானது இங்கேயே போக வேண்டும். மழை நாளில் இலையின் மேலும் நீர் நிற்கும். அப்போது வெந்காற்று வேண்டும், ஆயின் வெப்பம் மிஞ்சினால் இலை வறண்டு நொறுங்கும். வாட்டம் சரியா என்பதை அறிய ஒருவர் கைப்பிடி இலையை அள்ளி உருட்டிப் பிடித்து விடுகின்றார். உருண்டை உடனே விரிந்தால் இன்னும் ஆகவில்லை. மெல்ல மெல்ல அவிழ்ந்தால் ஆயிற்று. அடுத்து உருட்டுப் பொறி இலையின் கலங்களைக் குலைத்து முறுக்குகின்றது. தாழ்நிலத்தில் இலையை அதிகம் அரியாமல் நீள முறுக்குவதே கலை. முறுக்கியதைச் சலித்துப் பரப்பி வைத்தால், பச்சை மாறிச் செம்பு நிறமாகின்றது. புல்வாடை நீங்கிப் பழுத்த பழத்தின் மணம் எழுகின்றது. இதனை 'நொதித்தல்' என்று நூல்கள் குறிக்கும். உண்மையில் இது மதுவின் நொதிப்பைப் போன்றதன்று. இலையின் நொதியங்களால் நிகழும் ஒட்சியேற்றமே. மதுவுக்குரிய சொல்லைத் தேயிலை இரவல் வாங்கி இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. அம்மணம் உச்சத்தை அடையும் கணத்தில் நிறுத்தி அனலிற் காய்ச்ச வேண்டும். ஈரம் நூற்றுக்கு மூன்றளவுக்கு இறங்கியதும் சலித்துத் தரம் பிரிக்கின்றனர். நூறு கிலோ கொழுந்து ஏறத்தாழ இருபத்திரண்டு கிலோ தேயிலையாகின்றது. முறுகிய நீள் இலையும் பொன்முனையும் கப்பலேறுகின்றன. லயத்துக் கேத்தலில் கொதிப்பது தூள்.

இங்குதான் நம் இலக்கியத்தைப் பற்றி நாம் கேட்க விரும்பும் கேள்வி எழுகின்றது.

சென்ற ஆண்டு நாம் கற்பிக்கும் உயர்தர வகுப்பில் 'தேயிலை' என்ற தலைப்பில் கட்டுரை எழுதப் பணித்தோம். அவ்வகுப்பிற் பெரும்பாலோர் தோட்டப் பிள்ளைகள். வந்த கட்டுரைகள் யாவும் ஒரே கட்டுரையின் பிரதிகள் போன்றிருந்தன. எல்லோரும் இரத்தம் தேநீராவதையே எழுதியிருந்தனர். அட்டை கடித்தது, மழை நனைத்தது, துரை வைதான், கங்காணி ஏமாற்றினான். கங்காணி முறை ஒழிந்து எத்தனை காலம் ஆயிற்று! ஒரு மாணவியை அழைத்து, "உன் அப்பா என்ன வேலை செய்கிறார்?" என்று கேட்டோம். ஸ்டோரில் வாட்டும் மாடியில் வேலை என்றாள். கைப்பிடி இலையை உருட்டிப் பார்க்கும் அந்த வித்தையை, நாம் மேலே எழுதிய அதே சொற்களில், கையால் நடித்தும் காட்டினாள். ஏன் இதை எழுதவில்லை என்றோம்.

"இதெல்லாம் கட்டுரையில எழுதலாமா, சேர்?"

அக்கேள்விக்குப் பொறுப்பாளி அம்மாணவி அல்லள். பாடத்திட்டமும், ஆசிரியராகிய நாமும், நாம் போற்றி வளர்த்த இலக்கியமுமே பொறுப்பு. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். உணவு, விலங்கு, மரம், பறை ஆகியவற்றோடு தொழிலையும் கருப்பொருளிற் சேர்த்தார். அதன் பின்னரே உரிப்பொருள். பிரெஞ்சு மதுவெழுத்து முதற்பொருளோடு நின்றுவிடுகின்றது. நிலமும் பொழுதும் சேர்ந்தாற் போதும், மது தானாகப் பிறந்துவிடும் என்பது அதன் தொனி. நம் மலையக எழுத்தோ முதலையும் கருவையும் விரைந்து கடந்து உரிப்பொருளுக்குப் பாய்கின்றது. அதுவும் இரங்கல் ஒன்றையே பற்றிக்கொள்கின்றது. மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சியாயிருக்க, நம் மலைக் கதைகள் மட்டும் நெய்தலுக்குரிய இரங்கலைப் பாடுவது இலக்கண வழுவென்று பழைய உரையாசிரியர் சொல்லியிருப்பார்.

இரங்கலுக்குக் காரணம் இருந்தது, இன்றும் இருக்கின்றது. புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யை எழுதியபோது தமிழகத்து வாசகனுக்குத் தோட்டம் என்பது என்னவென்றே தெரியாதிருந்தது. சி. வி. வேலுப்பிள்ளையின் 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்' என்ற ஆங்கில நெடும்பாட்டு, மண்ணுக்குள் உரமாகிப் போனவர்களுக்குக் குரல் கொடுத்த முதற் பேரிலக்கியம். சக்தீ பாலையாவின் தமிழாக்கம் அதனை நமக்கு அளித்தது. முல்க் ராஜ் ஆனந்தின் அசாம் நாவலும் கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை'யும் அவ்வகையினவே. வாக்குரிமை பறிக்கப்பட்ட மக்களைப் பற்றி எழுதியவர் முதலில் அவர்தம் துயரைத்தான் எழுத முடியும். இவர்களைக் குறை கூறுவது எம் நோக்கமன்று. துயரைச் சொல்ல அவர்கள் வகுத்த வழியையே எழுபது ஆண்டுகளின் பின்னும் பிள்ளைகள் மனப்பாடம் செய்து பரீட்சைத் தாளில் ஒப்புவிப்பதுதான் எம்மை உறுத்துகின்றது.

விலக்காக ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' என்னும் சிறுகதையில் கொழுந்து பறிக்கும் திறனே மையம். ஒருத்தி பறித்த கொழுந்தின் நிறையைப் பிறர் ஐயுறுகின்றனர். அவளுடைய மானம் அவள் கைத்திறனில் தங்கி நிற்கின்றது. தொழிலாளியை இரக்கத்துக்குரியவளாக மட்டும் காட்டாமல், தன் தொழிலில் வல்லவளாக, அவ்வன்மையிற் பெருமிதம் உடையவளாகக் காட்டியமையே அக்கதையின் சாதனை. பழைய மலைநாட்டுப் பாடல்களிலும் கவ்வாத்துக் கத்தியும் பெரட்டும் கூடையும் உயிரோடு இருக்கின்றன. வாய்மொழிப் பாடகர் அறிந்திருந்ததை ஏட்டெழுத்தாளர் பலர் மறந்தனர்.

நண்பர் ஒருவர் எம்மைக் கண்டித்தார். தொழிற்றிறனைப் புகழ்வது கம்பனியின் விளம்பரத்துக்கல்லவா உதவும்? தேயிலைப் பெட்டியின் மேல் புன்னகைத்து நிற்கும் பெண்ணின் படம் அதைத்தானே செய்கின்றது? கேள்வி நியாயமானது. ஆயினும் விளம்பரம் சொல்வது என்ன? பெண்களுக்கு இயல்பாகவே மென்மையான விரல்கள் உண்டு என்பது. இயல்பாக வாய்த்ததற்குக் கூலி எதற்கு? கற்றுத் தேர்ந்த வித்தைக்கல்லவா கூலி உயரும்! கொழுந்து பறிப்பவளின் நாட்சம்பளம் ஆணின் சம்பளத்துக்கு நிகராக்கப்பட்டது 1984இல் என்பதை நினைவுகூர்ந்தால், மென்விரல் புராணத்தின் பயன் யாருக்குக் கிட்டிற்று என்பது விளங்கும். விளம்பரம் திறனை இயற்கையாக்குகின்றது. இரங்கல் இலக்கியம் திறனைக் காணாமலே போகின்றது. இரண்டிலும் அவள் அறிவுடையவளாகத் தோன்றுவதில்லை.

இது வெறும் இலக்கிய வழக்கன்று, காசு சம்பந்தப்பட்டது. இலங்கைத் தேயிலையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இன்று சிறு தோட்டக்காரர் தருவது. சப்ரகமுவவில் அவர்களுட் பெரும்பாலோர் சிங்கள விவசாயிகள். ஏலத்திற் கிடைக்கும் விலையில் 68 பங்கு கொழுந்து தந்தவருக்கும் 32 பங்கு ஆலைக்கும் என்ற கணக்கு நெடுங்காலமாக வழங்கி வந்துள்ளது. அக்கணக்கிலும் ஏமாற்று உண்டு. நிறுவையில் நீர்க்கழிவென்று வெட்டுவதுண்டு. எனினும் ஏலவிலை ஏறினால் அவர் கையில் ஓரளவேனும் ஏறும். 1992இல் அரசு தோட்ட நிர்வாகத்தைக் கம்பனிகளிடம் ஒப்படைத்தது. பலாங்கொடை, காவத்தை, ஹப்புகஸ்தென்ன, கேகாலை என்று நம் ஊர்ப்பெயர்களையே அவை தாங்கின. அத்தோட்டங்களிற் பேர் போடும் தொழிலாளிக்கு நாட்சம்பளம் மட்டுமே. 2021இல் 1,000 ரூபாயாகவும் 2024இல் 1,350 ரூபாயாகவும் அது விதிக்கப்பட்டது. ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் ஆண்டுக்கணக்கில் போராட்டம். நிர்ணயித்த நிறை குறைந்தால் அரைப் பேர். அவள் பறித்த கொழுந்து ஏலத்தில் உச்சவிலை பெற்றதா, கழிவாயிற்றா என்பது அவளுக்குத் தெரியவே வராது. மார்கோவில் பழம் பறிப்பவருக்கும் புட்டியின் விலையிற் பங்கில்லை என்பதை நாம் அறிவோம். மாளிகைக்கும் பங்களாவுக்கும் உள்ள உறவு இதில் தெளிவு.

தொழிலாளியின் அறிவுக்கு விலை கேட்பதாயின் லயத்தாரும் சிறு தோட்டக்காரரும் ஒரே தட்டில் நின்று கேட்கலாம். இரு சாராரும் அறிந்திருப்பது ஒரே கொழுந்தைத்தான். இரக்கம் கேட்டு நிற்கையிலோ அவர் வேறு, இவர் வேறு.

ஆண்டைப் பற்றித் தொடங்கினோம். தேயிலை முதிர முதிரச் சிறப்பதன்று; புதிதாயிருக்கையிலே பருகவேண்டும். ஆகவே பெட்டியில் விளைந்த ஆண்டைப் பொறித்துப் பெருமை பேசும் மரபு இல்லை. பொறித்திருந்தால் சப்ரகமுவப் பெட்டிகளில் எவ்வாண்டுகள் இருக்கும்? குடியுரிமை பறித்த 1948. ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரைக் கப்பலேற்ற இரு பிரதமர்கள் கையொப்பமிட்ட 1964. தோட்டங்களிற் பட்டினிச் சாவு விழுந்த 1973, 74. அக்காலத்தையொட்டியே நிலச்சீர்திருத்தம் வந்தது. பரம்பரையாக உழைத்தவர்க்கு அந்நிலத்தில் ஒரு துண்டும் கிடைக்காததோடு, பலர் லயத்தையும் இழந்தனர். 1977. 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பக்கங்களில் லயங்கள் எரிந்தன. சாமான் மூட்டையோடு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவர்கள் இருக்கின்றார்கள். 1983. 2016 மே மாதத்தில் கேகாலை மாவட்டம் புளத்கொஹுபிட்டியவில் மலை சரிந்து லயன் அறைகளை மூடிற்று. தேயிலைக்குச் சுவை தரும் அதே சரிவு, அதே மழை. 2021இல் இரசாயன உரத்தை ஒரே நாளில் தடுத்தனர். மறு ஆண்டு நாட்டின் விளைச்சல் 250 மில்லியன் கிலோ அளவுக்கு வீழ்ந்தது. நிறை குறைந்தது, அரைப் பேர் மிகுந்தது. எந்தச் சுவைஞரும் இவ்வாண்டுகளை நாவில் வைத்துப் பார்த்துச் சொல்லப்போவதில்லை. எழுத்தாளர்தாம் சொல்ல வேண்டும். சொல்கையில் இன்ன ஆண்டு, இன்ன தோட்டம், இன்ன வேலை என்று சொல்ல வேண்டும். சப்ரகமுவவைப் பற்றி அவ்வாறு எழுதப்பட்ட ஒரு நாவலை நாம் இன்னும் வாசிக்கவில்லை. பொதுவான கண்ணீர் போதுமான அளவு சிந்தியாயிற்று.

அம்மாணவியிடம் கட்டுரையை மீண்டும் எழுதி வரச் சொன்னோம். இரண்டு கிழமை கழித்துக் கொண்டுவந்தாள். நாலு பக்கம். முழுவதும் வாட்டும் மாடி. எத்தனை தொட்டி, எந்த நேரத்தில் விசிறியைத் திருப்புவது, கொழுந்தைக் கிளறும்போது ஏன் கையை அடியில் விட்டுத் தூக்க வேண்டும், பழைய தொட்டி ஒன்றின் மூலையிற் காற்று சரியாக வராததால் அங்கே மட்டும் ஏன் மெல்லிசாகப் பரப்ப வேண்டும் என்பதையெல்லாம் எழுதியிருந்தாள். இதில் ஏன் எழுதுகிறாய் என்று அப்பா கேட்டாராம். பிறகு அவரே பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு இடத்தில் திருத்தினாராம். இரவில் லயத்துத் தகரத்தில் மழை விழும் சத்தம் கேட்டால் அப்பா விழித்துக்கொள்வார், நாளைக்கு வரும் கொழுந்து ஈரமாயிருக்கும் என்று அவருக்குத் தெரியும் என்ற இடத்தில் கட்டுரை நின்றுவிட்டது. முடிவுரை எழுதப்படவில்லை. பரீட்சைத் திட்டப்படி அதற்குரிய புள்ளிகளைக் குறைத்தோம். பின்னர் அதை வகுப்பில் முழுவதுமாக வாசித்தோம்.